கோடையில் ரேஞ்சர், ஆகஸ்டில் மறுபடி டீச்சர்

கேள்வி: டெக்சஸில் ஹியூஸ்டனுக்கு அருகே ஓர் அரசுப் பள்ளியில் ஏழாம் வகுப்பு அறிவியல் ஆசிரியையாக எட்டு ஆண்டுகளாக இருக்கிறேன். கிரீன் கார்டு உண்டு; குடியுரிமை இன்னும் இல்லை. கோடை விடுமுறையில் தேசியப் பூங்காவில் ரேஞ்சராக வேலை பார்க்கலாம், அது ஆசிரியர் பயிற்சியாகவும் கணக்கில் வரும் என்று உடன் பணிபுரிபவர் சொன்னார். யெல்லோஸ்டோனுக்கு விண்ணப்பிக்க ஆசை. எப்படித் தொடங்குவது? சான்றிதழ் புதுப்பிக்கப் பயிற்சி மணி கிடைக்குமா? ஆறு வாரம் செலவழித்தால் வகுப்புக்கு என்ன மிஞ்சும்? நான் சைவம். தனியாகத் தங்கிச் சமாளிக்க முடியுமா?

பதில்:

அன்புள்ள ஆசிரியைக்கு,

யெல்லோஸ்டோன் ஆசையை இந்த ஆண்டுக்குத் தள்ளிவையுங்கள். ஆண்டுக்கு 40 லட்சத்துக்கு மேல் வருகைகளைக் காணும் பூங்கா அது. உங்கள் மாணவர்களில் எத்தனை பேர் 1,500 மைலுக்கு மேல் பயணம் செய்து அதைப் பார்க்கப்போகிறார்கள்? பள்ளிப் பேருந்தில் போய்த் திரும்பக்கூடிய பூங்காவில் நீங்கள் ஆறு வாரம் இருந்தால், அடுத்த பத்து ஆண்டுகளுக்கு அந்த இடமே உங்கள் ஆய்வுக்கூடம். காட்சிக்காகப் பூங்காவைத் தேர்ந்தெடுத்த ஆசிரியர் செப்டம்பரில் படங்கள் காட்டுவார். வகுப்பு இருபது நிமிடம் ரசித்துவிட்டு மறந்துவிடும்.

வேலை எந்த வகையில் கிடைக்கும் என்பதை முதலில் பார்ப்போம். சம்பளத்துக்கு எடுக்கும் சீசனல் ரேஞ்சர் பணி உங்களுக்கு இப்போது இல்லை. அது கூட்டரசு வேலை. யூஎஸ்ஏஜாப்ஸ் தளத்தின் வழியாக வரும். அமெரிக்கக் குடியுரிமை கேட்கும். குடியுரிமை பெற்றபின் முயலலாம். அப்போது ஒன்றை நினைவில் வையுங்கள்: கோடை வேலைக்கான அறிவிப்புகள் பெரும்பாலும் முந்தைய இலையுதிர் காலத்திலும் குளிர்காலத்திலும் வரும். சில அறிவிப்புகள் குறிப்பிட்ட எண்ணிக்கை விண்ணப்பங்கள் சேர்ந்ததும் அன்றே மூடிவிடும். மே மாதம் தேடுபவருக்கு ஒன்றும் இருக்காது.

உடன் பணிபுரிபவர் சொன்னது பெரும்பாலும் ‘டீச்சர்-ரேஞ்சர்-டீச்சர்’ என்ற திட்டமாகத்தான் இருக்கும். தேசியப் பூங்காச் சேவை நடத்துவது. ஆசிரியர் கோடையில் நான்கு முதல் ஆறு வாரம் பூங்காவில் இருப்பார். பார்வையாளர் மையத்தின் மேசையில் நிற்பார், பொதுமக்களுக்கு நிகழ்ச்சி நடத்துவார், பாடப்பொருள் தயாரிப்பார். பள்ளி திறந்தபின் அந்தப் பூங்காவை வைத்து வகுப்பு எடுப்பார். ஏப்ரலில் தேசியப் பூங்கா வாரத்தில் சீருடை அணிந்து பள்ளிக்கு வந்து மாணவர்களிடமும் சக ஆசிரியர்களிடமும் பேசுவார். அந்தக் கடைசிப் பாதியை நிறைவேற்றாமல் விடுபவர்கள் உண்டு. சேர்க்கும் பூங்காவுக்கு அதுதான் முக்கியம், நினைவிருக்கட்டும்.

இதற்கு இரண்டு வகை ஒப்பந்தம் உண்டு. ஒன்று ஐபிஏ எனப்படும் அரசுகளுக்கிடையேயான பணியாளர் ஒப்பந்தம். உங்கள் பள்ளியை நடத்தும் டிஸ்ட்ரிக்டும் பூங்காவும் ஓஎஃப்-69 என்ற படிவத்தில் கையெழுத்திடும். நீங்கள் டிஸ்ட்ரிக்டின் ஊழியராகவே இருந்துகொண்டு பூங்காவில் வேலை செய்வீர்கள். இப்படிச் செல்பவர் தம் பணியில் குறைந்தது 90 நாளாவது இருந்திருக்க வேண்டும். உங்களுக்கு அது பிரச்சினையே இல்லை. தாமதம் ஏற்படுவது டிஸ்ட்ரிக்ட் அலுவலகத்தில்தான். அந்தப் படிவத்தை முன்பின் பார்த்திராத மனிதவள அதிகாரி அதைச் சட்ட ஆலோசகருக்கு அனுப்புவார். அவர் மேசையில் ஒரு மாதம் கிடக்கும். மார்ச்சிலேயே கையில் கொடுங்கள்.

மற்றொன்று தன்னார்வலர் ஒப்பந்தம், படிவம் ஓஎஃப்-301ஏ. செலவுக்கு ஒரு தொகையைப் பூங்கா தரலாம், தராமலும் போகலாம். வேலையின்போது காயம்பட்டால் கூட்டரசு ஊழியருக்குள்ள இழப்பீட்டுச் சட்டப் பாதுகாப்பு தன்னார்வலருக்கும் உண்டு. கிரீன் கார்டு வைத்திருப்பவருக்குச் சிக்கல் குறைந்த வழி இது என்பது எங்கள் கருத்து. பூங்காவிடம் பேசும்போது உங்கள் நிலையை முதல் அஞ்சலிலேயே சொல்லிவிடுங்கள். இதைப் படிக்கும் எச்-1பி ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை: உதவித்தொகை என்ற பெயரில் வந்தாலும், குடிவரவு வழக்கறிஞரைக் கேட்காமல் பணம் வாங்க வேண்டாம்.

உதவித்தொகை பூங்காவுக்குப் பூங்கா மாறும். மொத்தத் தொகையைக் கேட்டு மகிழாதீர்கள். மணி எத்தனை, தங்குமிட வாடகை அதிலிருந்து பிடிக்கப்படுமா, முதல் தவணை எப்போது வரும் என்ற மூன்றையும் கேளுங்கள். ஆறு வாரம், வாரத்துக்கு 40 மணி என்றால் 240 மணி. தொகையை 240ஆல் வகுத்து, வாடகையையும் பெட்ரோலையும் கழித்துப் பார்த்தால் உண்மை தெரியும். கையைக் கடிக்காமல் திரும்பினால் போதும் என்ற மனநிலையில் போவது நல்லது.

இனிப் பயிற்சி மணி. டெக்சஸில் வகுப்பாசிரியர் சான்றிதழைப் புதுப்பிக்க ஐந்தாண்டுக்கு 150 மணி தேவை. பூங்காவில் 240 மணி உழைத்தால் 150 கிடைத்துவிடும் என்று பலர் எண்ணுகிறார்கள். அப்படியில்லை. மேசையில் நின்று வரைபடம் கொடுத்த நேரம் வேலை நேரம். கற்ற நேரமாக அதை யாரும் எழுதித் தரமாட்டார்கள். கணக்கில் சேரக்கூடியவை வேறு: பூங்கா நடத்தும் தொடக்கப் பயிற்சி, முதலுதவி வகுப்பு, பாடத்திட்டம் எழுதும் பயிலரங்கு போன்றவை. இவற்றில் எதற்கு உங்கள் டிஸ்ட்ரிக்ட் மணி தரும் என்பதைக் கிளம்பும் முன்னரே எழுத்தில் வாங்குங்கள். திரும்பி வந்து கேட்டால் இரக்கத்தை நம்பி நிற்க வேண்டியிருக்கும். இன்னொரு வழி, பல்கலைக்கழக கிரெடிட். இந்தத் திட்டத்தோடு இணைந்த முதுநிலைப் பாடம் ஒன்றைக் கொலராடோ பல்கலைக்கழகத்தின் டென்வர் வளாகம் இணையவழி நடத்தியிருக்கிறது. நீங்கள் போகும் ஆண்டில் அது உண்டா என்று பூங்காவிடமே கேளுங்கள். டெக்சஸில் ஒரு செமஸ்டர் கிரெடிட் 15 மணிக்குச் சமம். மூன்று கிரெடிட் என்றால் 45 மணி. தேவையில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு, அவ்வளவுதான். மணிக்காக மட்டும் போவதென்றால் வேண்டாம்; உள்ளூர்ப் பயிலரங்குகளில் அதைவிடச் சுலபமாகச் சேர்த்துவிடலாம்.

எந்தப் பூங்கா? உங்கள் வீட்டிலிருந்து சுமார் இரண்டு மணி நேரத்தில் பிக் திக்கெட் இருக்கிறது. 1974இல் தேசியக் காப்பகமாக அறிவிக்கப்பட்ட இடம்; நுழைவுக் கட்டணம் இல்லை. வட அமெரிக்காவில் உள்ள ஐந்து வகைப் பூச்சியுண்ணும் செடிகளில் நான்கு அங்கே வளர்கின்றன. குடுவைச்செடியும், நாம் அழுகண்ணி என்று சொல்லும் செடியின் இனமும் நடைபாதை ஓரத்திலேயே நிற்கும். ஏழாம் வகுப்புக்கு இதைவிட நல்ல பாடப்புத்தகம் எது? தெற்கே கார்பஸ் கிறிஸ்டி பக்கம் பேட்ரே தீவு. கெம்ப் ரிட்லி கடலாமைகள் ஏப்ரலிலிருந்து ஜூலை நடு வரை அங்கே முட்டையிடும். குஞ்சுகளைக் கடலில் விடும் காலம் உங்கள் விடுமுறையோடு சரியாகப் பொருந்துகிறது. சென்னைக் கடற்கரையில் தை, மாசியில் மாணவர்கள் இரவு முழுக்க நடந்து முட்டை சேகரிக்கிறார்களே, அந்தப் பங்குனி ஆமையின் உடன்பிறப்பு இனம் இது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாடம் நடத்த ஹியூஸ்டனில் உங்களைவிடத் தகுதியானவர் யார்? வேக்கோவில் மாமத் யானைப் புதைபடிவங்கள் கிடைத்த இடமும் 2015 முதல் தேசிய நினைவிடம். மேற்கு டெக்சஸின் பிக் பெண்ட் தேசியப் பூங்கா அழகானதுதான். ஆனால் கோடையில் அங்கே ஆற்றோரப் பகுதி 38 டிகிரி செல்சியஸைத் தாண்டும். கூட்டம் வருவது குளிர்காலத்திலும் வசந்தத்திலும். பேச ஆள் இல்லாத இடத்தில் பேசக் கற்க முடியாது.

இந்தப் பூங்காக்களில் எது இந்த ஆண்டு ஆசிரியரை எடுக்கிறது என்பதை நேரடியாகக் கேட்டுத்தான் அறிய வேண்டும். கூட்டரசு ஆள்சேர்ப்பு 2025 ஜனவரியில் நிறுத்திவைக்கப்பட்டதிலிருந்து எதையும் போன ஆண்டுபோலவே என்று நம்ப முடியாது. நவம்பரிலேயே பூங்காவின் கல்வி ஒருங்கிணைப்பாளருக்கு எழுதுங்கள். ஆறு வரி போதும்: எந்த வகுப்பு, எந்தப் பாடம், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை வர முடியும், தங்க இடம் வேண்டுமா, எந்த ஒப்பந்த வகை பொருந்தும், ஆறு வாரத்தில் என்ன செய்து தருவீர்கள். கடைசி வரிதான் தேர்வைத் தீர்மானிக்கும். ‘சிறு வயதிலிருந்தே இயற்கை மீது காதல்’ என்று எல்லாரும் எழுதுகிறார்கள். ‘ஏழாம் வகுப்புக்கான மூன்று 45 நிமிடப் பாடங்கள், டெக்சஸ் பாடத்தரத்துக்கு இணைத்து, பயணத்துக்கு முன், பயணத்தில், பயணத்துக்குப் பின் என்று’ என எழுதுபவர் அரிது. தேதியிலும் கவனம் தேவை: உங்கள் ஆசிரியர் பணி ஆகஸ்ட் தொடக்கத்தில் ஆரம்பித்துவிடும். ஜூன் முதல் வாரமே போய்ச் சேர்ந்தால்தான் வீடு திரும்பி மூச்சு விட இரண்டு வாரம் மிஞ்சும். பின்னணிச் சரிபார்ப்புக்கும் கைரேகைக்கும் வாரக்கணக்கில் ஆகும். அது முடியாமல் கணினியும் சாவியும் கைக்கு வராது.

சரி, வகுப்புக்கு என்ன மிஞ்சும்? அறிவியல் உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். தெரியாதது ஒன்று உண்டு. எட்டு ஆண்டுகளாக உங்கள் முன்னால் உட்கார்ந்தவர்கள் யாரும் எழுந்து போக முடியாதவர்கள். பூங்காவில் எவரும் எந்த நிமிடமும் நடந்து போய்விடலாம். பரீட்சை இல்லை, மதிப்பெண் இல்லை. வெயில், பசி, அழும் குழந்தை என்று போவதற்குக் காரணம் மட்டும் நிறைய. அவர்களை நிறுத்திவைக்கும் வேலைக்குப் பூங்காச் சேவையில் இன்டர்பிரிடேஷன் என்று பெயர். நம் மரபில் உரையாசிரியர் செய்யும் வேலைக்கு அருகில் வரும். இந்தத் துறைக்கு அடித்தளமிட்ட ஃப்ரீமன் டில்டன் 1957இல் ஆறு கொள்கைகள் வகுத்தார். கேட்பவரின் வாழ்வோடு ஒட்டாத விளக்கம் மலடு என்பது முதலாவது. கற்பிப்பதைவிடத் தூண்டிவிடுவதே நோக்கம் என்பது நான்காவது. சிறுவர்களுக்குச் சொல்வது பெரியவர்களுக்குச் சொன்னதன் நீர்த்த வடிவமாக இருக்கக் கூடாது, அடிப்படையிலேயே வேறு அணுகுமுறை வேண்டும் என்பது ஆறாவது. ஆசிரியர்கள் தலையாட்டிக் கேட்டுவிட்டு, முதல் நாளே மீறுவது இந்த நான்காவதைத்தான்.

எப்படி மீறுகிறார்கள் என்றால், கேள்வி கேட்டு. ‘இந்தச் செடி ஏன் பூச்சியைத் தின்கிறது, யாராவது சொல்லுங்கள்?’ சரியான விடை ஒன்றே உள்ள கேள்வி. தெரியாதவர் காலணியைப் பார்ப்பார். தெரிந்த ஒரே ஒருவர் எல்லாவற்றுக்கும் பதில் சொல்வார். பத்து நிமிடத்தில் பாதிக் கூட்டம் காணாமற்போகும். அதே இடத்தில் ‘இதில் உங்களுக்கு விசித்திரமாகப் படுவது என்ன?’ என்று கேட்டுப் பாருங்கள். எட்டு வயதுப் பிள்ளையும் பாட்டியும் ஒரே கேள்விக்கு வேறு வேறு பதில் சொல்வார்கள், இரண்டும் சரி.

நிகழ்ச்சி தயாரிக்கும்போது மேற்பார்வையாளர் முதலில் கருவாக்கியம் கேட்பார். ‘பூச்சியுண்ணும் தாவரங்கள்’ என்று எழுதிக் கொடுத்தால் திருப்பிவிடுவார், அது தலைப்பு. எழுவாயும் பயனிலையும் உள்ள ஒரு வாக்கியம் வேண்டும்: ‘நைட்ரஜன் குறைந்த ஈர மண்ணில் இந்தச் செடிகள் பிழைக்கின்றன, ஆனால் அவ்வப்போது காடு எரியாவிட்டால் அவை புதர் நிழலில் மடிந்துபோகும்.’ இது கரு. பூச்சியைப் பார்க்க வந்தவர் நெருப்பை யோசித்துக்கொண்டு திரும்புகிறார். கரு அமைந்தபின் எதைச் சேர்ப்பது என்பதைவிட எதை விடுவது என்பது தெளிவாகிவிடும்; செடியின் அறிவியற் பெயர், கண்டுபிடித்தவர், ஆண்டு எல்லாம் தானே உதிரும். 20 நிமிடப் பேச்சுக்கு மூன்று செய்தி போதும். ஆசிரியர்கள் ஒன்பது கொண்டுவருவார்கள்.

கூட்டத்தை நடத்திச் செல்வதிலும் சின்னச் சின்ன நுட்பங்கள் உண்டு. நிற்கும்போது சூரியன் உங்கள் முகத்தில் பட வேண்டும், அவர்கள் முகத்தில் அல்ல. குறுகிய மரப்பாதையில் செடியைக் கண்டதும் நின்றுவிடாதீர்கள். முன்னால் இருக்கும் ஐவருக்குத்தான் தெரியும். பாதிக் கூட்டம் செடியைத் தாண்டும்வரை நடந்து, பிறகு திரும்பி நடுவுக்கு வாருங்கள். கடைசி ஆள் வந்து சேரும்வரை வாயைத் திறக்க வேண்டாம். தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிடுங்கள். இட்டுக்கட்டிய பதிலை அடுத்த ரேஞ்சர் திருத்த நேர்ந்தால் பூங்காவுக்கே அவமானம். யாராவது விதி மீறினால் தடுத்து வாதிடுவது உங்கள் வேலை இல்லை. வாக்கி-டாக்கியில் இடத்தையும் ஆளையும் சொல்லிவிட்டு விலகி நில்லுங்கள். வகுப்பறைக் குரல் அப்போது தானாக எழும். அடக்கிக்கொள்ளுங்கள்.

நாளின் பெரும்பகுதி இவ்வளவு சுவையாக இருக்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும். கழிப்பறை எங்கே, இரண்டு மணி நேரத்தில் எதைப் பார்க்கலாம், நாயைக் கூட்டிப் போகலாமா என்பதை ஒரு நாளில் ஐம்பது முறை கேட்பீர்கள். ஐம்பதாவது முறையும் கேட்பவருக்கு அது முதல் முறை. ஜூனியர் ரேஞ்சர் என்ற சிறுவர் பயிற்சிப் புத்தகத்தை முடித்துக்கொண்டு வரும் பிள்ளைகளிடம் மட்டும் அவசரப்படாதீர்கள். விடைகளைத் திருத்தாமல், ‘இதில் உனக்குப் பிடித்த பக்கம் எது?’ என்று கேட்டுவிட்டு உறுதிமொழி சொல்லவைத்துச் சின்னத்தைக் குத்திவிடுங்கள். வரிசை பின்னால் நீண்டாலும் பரவாயில்லை.

வகுப்புக்குக் கொண்டுவர வேண்டியது தரவு. பேட்ரே தீவு கிடைத்தால் கெம்ப் ரிட்லி கூடுகளின் ஆண்டுவாரி எண்ணிக்கையைக் கேட்டு வாங்குங்கள். 1947இல் மெக்சிகோக் கரையில் ஒரே நாளில் சுமார் 40,000 பெண் ஆமைகள் ஏறியதாகப் படச்சுருளை வைத்து மதிப்பிட்டார்கள். 1985இல் உலகெங்கும் எண்ணியதே 702 கூடுகள்தான். இந்த இரண்டு எண்ணைப் பலகையில் எழுதிவிட்டு மாணவர்களையே வரைபடம் போடவிடலாம். மணலின் வெப்பம் கூடினால் பெண் குஞ்சுகள் அதிகம் பிறக்கும் என்பது அடுத்த வகுப்புக்கு. பூங்காவில் இருக்கும்போதே, ஒவ்வொரு வாரக் கடைசியிலும் ஒரு பாடத்தை முழுதாக எழுதி முடியுங்கள். ஊருக்கு வந்து எழுதலாம் என்று வைத்த குறிப்பேடு திறக்கப்படுவதில்லை. மாணவர்களை அழைத்துப்போகப் பேருந்துச் செலவுக்குத் தேசியப் பூங்கா அறக்கட்டளையின் ‘ஓப்பன் அவுட்டோர்ஸ் ஃபார் கிட்ஸ்’ நிதி உண்டு. பூங்காவின் மூலமாகத்தான் கேட்க வேண்டும், அங்கே இருக்கும்போதே பேச்சைத் தொடங்கிவிடுங்கள். நான்காம் வகுப்பு மாணவருக்கு இலவச ஆண்டு அனுமதியும் உண்டு. உங்கள் ஏழாம் வகுப்புக்கு அது பொருந்தாது, ஆனால் தொடக்கப் பள்ளித் தோழிகளுக்குச் சொல்லலாம்.

எந்தப் பூங்காவும் அமையாவிட்டால், டெக்சஸ் மாஸ்டர் நேச்சுரலிஸ்ட் திட்டத்தைப் பாருங்கள்: 40 மணிப் பயிற்சி, 40 மணித் தன்னார்வப் பணி, வீட்டிலிருந்தே போய்வரலாம். ரேஞ்சர் தொப்பி கிடைக்காது. உள்ளூர்த் தாவரம், பறவை, மண் பற்றி அதில் கற்பது அதிகம் என்றே சொல்வோம்.

தனியாகத் தங்குவது பற்றி. பூங்காக் குடியிருப்பு கிடைத்தால் பெரும்பாலும் பகிர்வு அறைதான். கோடையில் பலர் தனியாகத்தான் வருகிறார்கள், சமையலறை பொதுவில். காலணி உங்கள் செலவு. இரண்டு வாரம் முன்னதாக வாங்கிப் பழக்குங்கள். கிழக்கு டெக்சஸில் கரடியைவிடச் சிகர் என்ற பொடி உண்ணிதான் படுத்தும். காற்சட்டையைக் காலுறைக்குள் செருகிக்கொள்ளுங்கள், துணிக்குப் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லியைத் தெளியுங்கள். வெயிலில் நடக்கும் நாளில் தண்ணீரோடு உப்பும் வேண்டும். வெறும் தண்ணீராகக் குடித்துக்கொண்டே போனால் சோடியம் குறைந்து தலை சுற்றும். மோரில் உப்புப் போட்டுக் குடித்துப் பழகிய நமக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை.

சாப்பாட்டுக்கு அரிசி, துவரம்பருப்பு, புளி, பொடி வகைகளை ஆறு வாரத்துக்கும் சேர்த்து எடுத்துப் போங்கள். பிக் திக்கெட், பேட்ரே தீவு என்றால் ஒரு மணி நேரத்துக்குள் பெரிய கடை கிடைக்கும். என்றைக்காவது அந்த யெல்லோஸ்டோன் அமைந்தால் பிரஷர் குக்கர் இல்லாமல் போகாதீர்கள். ஓல்டு ஃபெய்த்ஃபுல் ஊற்றின் உயரத்தில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும்; திறந்த பாத்திரத்தில் பருப்பு குழைய வெகு நேரம் ஆகும். கேஸ்கெட் இரண்டு கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.